சமன்பாடுகளைப் படமாக ஒட்டிவிட்டு "வேர்டுக்கு மாற்றியாச்சு" என்கிறார்கள்: மீதிப் பணம் கொடுக்குமுன் பாருங்கள்

ஹட்டன் பக்கத்தில் உயர்தர இணைந்த கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், லேடெக்கில் (கட்டளைகளாக எழுதிக் கணித ஆவணங்களை அமைக்கும் மென்பொருள்) தானே தயாரித்த 96 பக்கப் பயிற்சித் தொகுப்பை வேர்டுக்கு மாற்றித் தரும்படி நகரத்து டைப்செட்டிங் கடை ஒன்றில் கொடுத்தார். லேடெக் தெரியாத மற்ற ஆசிரியர்களும் கணக்குகளின் எண்களை மாற்றித் தங்கள் வகுப்புக்குப் பயன்படுத்த வேண்டும், அதற்காகத்தான் வேர்ட். பக்கத்துக்கு 150 ரூபாய், மொத்தம் 14,400. முற்பணம் 5,000. பத்து நாளில் பென் டிரைவில் கோப்பு வந்தது. கடையின் திரையில் பார்க்க மூலத்தைப் போலவே இருந்ததால் மீதியையும் கொடுத்துவிட்டார்.

வீட்டில் ஒரு கணக்கின் குணகத்தை மாற்றப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. சமன்பாட்டைத் தொட்டால் அதைச் சுற்றிப் படத்துக்குரிய சிறு வட்டப் பிடிகள் வந்தன. உள்ளே திருத்த எதுவும் இல்லை. தனி வரியில் நின்ற நானூறுக்கு மேற்பட்ட சமன்பாடுகள், அத்தனையும் திரையிலிருந்து வெட்டி ஒட்டிய படங்கள். திரும்பப் போய்க் கேட்டபோது, "கணக்கெல்லாம் வேர்டில படமாத்தான் மிஸ் வரும். டைப் பண்ணித் தரணும்னா சமன்பாடு ஒன்னுக்கு 30 ரூபா" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பதில் உண்மையல்ல. 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே வேர்டுக்குள் சமன்பாட்டுக்கென்று சொந்த வடிவம் இருக்கிறது. ஓ.எம்.எம்.எல் என்பார்கள். லேடெக்கில் எழுதிய பின்னம், வர்க்கமூலம், தொகையீடு, தாயம் (மேட்ரிக்ஸ்) எல்லாம் அந்த வடிவத்துக்கு நேரடியாக மாறும். மாற்றித் தரும் மென்பொருளான பான்டொக் இலவசமானது.

கடையில் நடந்தது என்னவென்று கோப்பைப் பார்த்தே சொல்லலாம். ஆசிரியையிடம் லேடெக் மூலக்கோப்பை (கட்டளைகள் எழுதிய கோப்பை) அவர்கள் கேட்கவே இல்லை, பிடிஎப் மட்டும் போதும் என்றிருக்கிறார்கள். வேர்ட் 2013 முதல் பிடிஎப்பை நேரடியாகத் திறக்கும். அப்படித் திறந்தால் பின்னம் இரண்டு வரியாகப் பிரியும், வர்க்கமூலக் குறி ஒரு பக்கமும் அதனுள் இருந்த கோவை இன்னொரு பக்கமும் போகும். அந்தச் சிதைவை அழித்துவிட்டு, பிடிஎப்பைத் திரையில் வைத்துத் தனி வரியில் நின்ற ஒவ்வொரு சமன்பாட்டையும் வெட்டி அங்கே ஒட்டியிருக்கிறார்கள். வழமையான திரையில் வெட்டிய படம் அங்குலத்துக்கு 96 புள்ளி அளவில்தான் இருக்கும். அச்சுக்கு 300 வேண்டும். அதனால்தான் போட்டோக்கொப்பி எடுத்ததும் கீழ்க்குறியில் உள்ள 1உம் ஆங்கில 'ஐ' எழுத்தும் ஒன்றாகிவிடுகின்றன. எழுத்தின் அளவை 12இலிருந்து 11க்குக் குறைத்தால் வசனம் மட்டும் சிறிதாகும், சமன்பாடு அப்படியே நிற்கும்.

இதைவிட மோசமான பிழை அந்தக் கோப்பின் தமிழ்ப் பகுதியில் இருந்தது. நம் பக்கத்தில் அநேகமான கடைகள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்பவை என்பதால் இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிடிஎப்பிலிருந்து எடுத்த யூனிகோட் தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து வருவது வழக்கம். கடைக்காரர் அந்தப் பகுதிகளைப் பாமினியில் மீண்டும் தட்டச்சு செய்திருக்கிறார். வசனத்துக்கு இடையில் வரும் சிறிய சமன்பாடுகளைப் படமாக்காமல் ஆங்கில எழுத்தில் அடித்து, பிறகு பக்கம் முழுவதையும் ஒரே பிடியாக யூனிகோட் மாற்றியில் போட்டிருக்கிறார். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துக் குறியீடுகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. எது தமிழ், எது கணித மாறி என்று மாற்றிக்குத் தெரியாது. எனவே சிறிய எக்ஸ் 'ஒ' ஆகும், வை 'ல' ஆகும், எம் 'அ' ஆகும், ஏ 'ய' ஆகும். இவை கண்ணில் படும், திருத்திவிடலாம். கண்ணில் படாதது சமனிலிக் குறி. பாமினியில் > என்ற விசை காற்புள்ளிக்கு உரியது, < என்ற விசை 'ஈ' எழுத்துக்கு உரியது. "எக்ஸ் > 0 எனின்" என்றிருந்த நிபந்தனை "ஒ, 0 எனின்" என்று வந்திருந்தது. யாரோ 'ஒ'வை மட்டும் எக்ஸ் ஆக்கிவிட்டுக் காற்புள்ளியை விட்டுவிட்டார்கள். அந்தத் தாளைச் செய்யும் பிள்ளைக்கு நிபந்தனையே இல்லாமல் போகிறது, விடையின் வீச்சு பிழையாகிறது. பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளையின் கையில் போகும் தாள் இது. படம் ஒட்டியதைக்கூட வேலைச் சோம்பல் என்று மன்னிக்கலாம், இதை முடியாது.

ஆகவே கடையிலேயே, பணம் கொடுக்குமுன், கோப்பைச் சோதியுங்கள். ஐந்து நிமிடம் போதும். ஒரு சமன்பாட்டின் நடுவே கிளிக் செய்யுங்கள். மெல்லிய பெட்டி ஒன்று தோன்றி, மேலே சமன்பாட்டுக்குரிய தாவல் திறந்தால் அது சரியான வடிவம். படத்துக்குரிய தாவல் திறந்தால் படம். இரட்டைக் கிளிக்கில் தனி ஜன்னல் திறந்தால் அது மேத்டைப் போன்ற வெளி மென்பொருளின் பொருள், அந்த மென்பொருள் இல்லாத கணினியில் திருத்த முடியாது. ஒன்றிரண்டைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். முதல் சில பக்கங்களை ஒழுங்காகச் செய்துவிட்டு மீதியைப் படமாக்குவதும் உண்டு.

முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் பார்க்க வழி இருக்கிறது. டொக்எக்ஸ் கோப்பு என்பது பல கோப்புகளைக் கட்டி வைத்த ஸிப் பொதிதான். அதைப் பிரதி எடுத்து, பிரதியின் பெயர் நீட்சியை ஸிப் என்று மாற்றித் திறவுங்கள். உள்ளே வேர்ட் என்ற உறை, அதற்குள் மீடியா என்ற உறை. உங்கள் ஆவணத்தில் 12 வரைபடங்கள்தான் என்றால் மீடியாவிலும் ஏறக்குறைய 12 படங்கள் இருக்க வேண்டும். இந்த ஆசிரியையின் கோப்பில் நானூறுக்கு மேல் இருந்தன. எம்பெடிங்ஸ் என்று இன்னோர் உறை நிறையக் கோப்புகளோடு இருந்தால், சமன்பாடுகள் வெளி மென்பொருளின் பொருள்கள் என்று அர்த்தம்.

"எல்லாக் கம்பியூட்டரிலும் திறக்கும்" என்று சொல்லி டொக் என்ற பழைய 97–2003 வடிவத்தில் தந்தால் வாங்காதீர்கள். சரியாக மாற்றிய சமன்பாட்டைக்கூட அந்த வடிவத்தில் சேமிக்கும்போது வேர்டே படமாக்கிவிடும்.

வேலையை நீங்களே செய்வதென்றாலும் வழி கடினமில்லை. மூலக்கோப்பு, படங்கள், நூற்பட்டியல் கோப்பு மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். கட்டளை வரியில் பான்டொக் என்று எழுதி, மூலக்கோப்பின் பெயர், பிறகு ஹைபன் ஓ (-o), பிறகு டொக்எக்ஸ் நீட்சியோடு வெளிவர வேண்டிய கோப்பின் பெயர். அவ்வளவுதான். நூறு பக்க ஆவணமும் சில விநாடிகளில் வரும். மூலத்தில் நீங்களே வரையறுத்த சுருக்கக் கட்டளைகளையும் பெரும்பாலும் விரித்துக்கொள்ளும். தமிழ் யூனிகோட்டில் இருந்தால் ஓர் எழுத்தும் சிதையாது.

ஆனால் அது முடித்துத் தராத வேலைகள் உண்டு, கடைக்காரர் கூலி கேட்க நியாயமும் அங்கேதான் இருக்கிறது. மாற்ற முடியாத சமன்பாட்டை பான்டொக் டொலர் குறிகளுக்கு இடையே லேடெக் எழுத்தாகவே விட்டுவிட்டு, திரையில் ஓர் எச்சரிக்கை வரி போடும். அந்த வரிகளை வாசிக்காமல் ஜன்னலை மூடக்கூடாது. டிக்ஸில் (லேடெக்குக்குள்ளேயே படம் வரையும் கருவி) வரைந்த உருவங்கள் வராது. அவற்றைத் தனியே 300 புள்ளி அடர்த்தியில் பிஎன்ஜி படமாக்கிச் சேர்க்க வேண்டும். பிடிஎப் வடிவில் இருந்த படங்களுக்கும் அதே கதி.

பெரிய வேலை சமன்பாட்டு எண்கள். லேடெக் தானாகப் போட்ட (3.2) போன்ற எண்கள் வேர்டில் வராது. "சமன்பாடு 3.2ஐப் பார்க்க" என்ற இடத்தில் சதுர அடைப்புக்குள், மூலத்தில் அந்தச் சமன்பாட்டை அடையாளம் காட்ட நீங்கள் வைத்த முத்திரைப் பெயர் நிற்கும். எண் ஒன்றிரண்டு என்றால் சமன்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே கோவையின் முடிவில் # குறியும் (3.2)உம் அடித்து என்டர் தட்டினால் எண் வலது ஓரத்துக்குப் போய்விடும். நிறைய இருந்தால், கோடில்லாத மூன்று நிரல் அட்டவணை நல்லது. நடு நிரலில் சமன்பாடு, வலது நிரலில் தானாகக் கூடும் எண் புலம், அந்த எண்ணுக்கு மட்டும் ஒரு புக்மார்க். வசனத்தில் வரும் குறிப்பை அந்த புக்மார்க்கோடு இணைத்துவிட்டால், இடையில் ஒரு சமன்பாட்டைச் சேர்த்தாலும் எல்லாவற்றையும் தெரிவுசெய்து எஃப்9 தட்டினால் எண்கள் சரியாகும்.

தனி வரியில் நின்ற சமன்பாட்டோடு அதே பந்தியில் ஒரு முற்றுப்புள்ளி சேர்ந்தாலும் வேர்ட் அதை வசனத்துக்குள் வரும் சமன்பாடாகக் கருதிச் சுருக்கிவிடும். சிக்மா என்ற கூட்டற் குறியின் மேல் கீழ் எல்லைகள் பக்கத்துக்கு நகரும். 'எனின்', 'ஆகவே' போன்ற தமிழ்ச் சொற்களைச் சமன்பாட்டுப் பெட்டிக்குள் வைக்காமல் வெளியே எழுதுங்கள். உள்ளே இயங்கும் கம்பிரியா மேத் எழுத்துருவில் தமிழ் கிடையாது. வசனத்தின் தமிழ் எழுத்துருவை மாற்றும்போதும் எழுத்துருப் பெட்டியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கென்று உள்ள தனி இடத்தில் மாற்ற வேண்டும். மேலே உள்ள ஆங்கில எழுத்துருவை மாற்றித் தமிழ் மாறவில்லை என்று குழம்புபவர்கள் அதிகம்.

மறுபக்கம், பாடசாலைக் கணினிகளில் கிடக்கும் பழைய வினாத்தாள்களை வேர்டிலிருந்து லேடெக்குக்கு மாற்றுவதிலும் இதே சிக்கல் இருக்கிறது. அவற்றில் பல ஈக்குவேஷன் எடிட்டர் 3.0 என்ற பழைய கருவியில் செய்தவை. பாதுகாப்புக் குறைபாடு காரணமாக 2018 ஜனவரி புதுப்பிப்போடு மைக்ரோசொஃப்ட் அதை நீக்கிவிட்டது. சமன்பாடு கண்ணுக்குத் தெரியும், திருத்தத் திறக்காது. அவற்றை மேத்டைப்பில் திறக்கலாம். "கோப்பு கெட்டுவிட்டது, புதிதாக அடிக்க வேண்டும்" என்று யாராவது முழுக் கூலி கேட்டால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

கடைக்குக் கொடுப்பதென்றால் பிடிஎப்போடு மூலக்கோப்பையும் கொடுங்கள். மூலக்கோப்பு வேண்டாம் என்பவர் வெட்டி ஒட்டப் போகிறார், அல்லது படத்திலிருந்து எழுத்தை ஊகிக்கும் மென்பொருளில் போடப் போகிறார். மாதிரிக்கு மூன்று பக்கம் முதலில் கேளுங்கள். இலகுவான பக்கமாக வேண்டாம். தாயம் உள்ள ஒன்று, பல வரிச் சமன்பாடு நேராக அடுக்கிய ஒன்று, தமிழ் வசனத்துக்குள் சமனிலி வரும் ஒன்று. பற்றுச்சீட்டில் "சமன்பாடுகள் படமாக அன்றி வேர்டிலேயே திருத்தக்கூடியவையாக, எண்களோடு, டொக்எக்ஸ் வடிவில்" என்ற வரியை எழுதி வாங்குங்கள். "மாற்றித் தரப்படும்" என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு அந்த ஆசிரியையால் எதையும் வாதாட முடியவில்லை.

கடைக்காரர் திருத்தியும் தராமல் பணத்தையும் திருப்பாவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். விசாரிக்க 1977 என்ற இலக்கம். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும். பற்றுச்சீட்டையும், நீங்கள் கொடுத்த மூலக்கோப்பையும், அவர்கள் தந்த கோப்பைத் திறந்து சேமிக்காமல் வைத்த ஒரு பிரதியையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.