அம்மாவின் கைப்பயிற்சிக்கு வி.ஆர். ஹெட்செட்: ஓராண்டு அனுபவம்

போன சித்திரைத் திருவிழா சமயத்தில் வாடகைக்கு எடுத்த வி.ஆர். ஹெட்செட் (கண்ணை மூடி மாட்டினால் கணினி உருவாக்கிய காட்சி தெரியும் கருவி) இன்னும் எங்கள் வில்லாபுரம் வீட்டில்தான் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு இடது கை சரியாக நீளவில்லை. பிசியோ சொல்லித்தான் எடுத்தோம்.

பயிற்சி எளிது. எதிரே ஒரு கூடை தெரியும், மேஜைமேல் கையை நீட்டி அதைத் தொட வேண்டும். ஹெட்செட்டின் கேமராக்கள் விரல்களைப் பார்த்து, அதே அசைவோடு ஒரு கையைக் காட்டும். நிஜக் கை போகும் தூரத்தைவிட அந்தக் கையைக் கூட்டியோ குறைத்தோ நகர்த்தும் வசதியும் உண்டு.

பிசியோ முதலில் கூட்டித்தான் வைத்தார். "தம்பி, கை எட்டுதுப்பா!" என்று அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வராது என்று மடியிலேயே போட்டு வைத்திருந்த கையைத் தானாகத் தூக்க ஆரம்பித்தார். அந்த உற்சாகம் லேசான விஷயமில்லை.

ஆனால் மேஜையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. படத்தில் தெரியும் கை கூடையைத் தொட்டதும் அம்மா நிறுத்திவிடுகிறார். நிஜக் கை முந்தைய வாரக் கோட்டைக்கூட எட்டவில்லை. கண்ணுக்குப் போதும் என்று பட்டுவிட்டால் கை அதற்கு மேல் போவதில்லை. பிசியோவிடம் காட்டினேன். அப்புறம் வாரா வாரம் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தெரியும் கை நிஜக் கையைவிடச் சற்றுப் பின்தங்கும்படி வைத்தார். மாற்றியதே அம்மாவுக்குத் தெரியவில்லை, கை கோட்டைத் தாண்டியது. ஒருநாள் அதிகமாகக் குறைத்தபோது மட்டும் "இன்னிக்குக் கை கனக்குது" என்று கழற்றி வைத்துவிட்டார். வழக்கமான பிசியோ பயிற்சியும் கூடவே நடந்தது, முழுப் பெருமையையும் ஹெட்செட்டுக்குக் கொடுக்க மாட்டேன்.

கண்வழியாகக் கையைப் பழக்கும் யோசனை பழையது. 1890-களிலேயே அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் உலகைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை நாட்கணக்கில் அணிந்து பார்த்தார். தடுமாறிய கை மெல்லப் பழகியது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில், இழந்த கையில் வலி உணர்பவர்களுக்கு, நல்ல கையின் பிம்பத்தை இழந்த கை இருந்த இடத்தில் காட்டும் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். பிறகு அது பக்கவாதப் பயிற்சிக்கும் வந்தது. கை எங்கே போய்ச் சேரும் என்று மூளை முன்பே கணிக்கிறது. கண் பார்ப்பது அதோடு ஒத்துப்போகாவிட்டால் அடுத்த அசைவைத் திருத்துகிறது. இதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு.

கழற்றியதும் அந்தத் திருத்தம் உடனே போய்விடாது. தெரியும் கையை வலப்பக்கம் தள்ளிக் காட்டும் பயிற்சியை நானே செய்துவிட்டு, காபி டம்ளரைச் சட்டென்று எடுக்கப் போனேன். விரல்கள் டம்ளருக்கு இடப்பக்கம் போய் நின்றன. சில தடவை நீட்டியபின் சரியானது. அதனால் பயிற்சி முடிந்த கையோடு அரிவாள்மனை, அடுப்பு, டூவீலர் பக்கம் போக வேண்டாம்.

மதுரை வெயிலுக்கு முகத்து ஸ்பாஞ்ச் நனைந்துவிடுகிறது, ஃபேனுக்கு நேரே உட்காருவது நல்லது. மாலையில் கரண்ட் போனால் கேமராவுக்கு விரல் தெரியாது, படத்தில் கை நடுங்கி மறையும். அதைத் துரத்தப் போய் அம்மாவுக்குத் தோள் இறுகிவிடும். உடனே நிறுத்திவிடுவோம்.

எடுக்க நினைப்பவர்கள், நிஜக் கை போன தூரத்தைத் தனியாகக் காட்டுமா என்று முதலில் கேளுங்கள். எங்களுடையதில் மதிப்பெண் மட்டும்தான் வருகிறது. அதனால் இப்போதும் வாரம் ஒருமுறை சாக்பீஸும் டேப்பும் வைத்துத்தான் அளக்கிறோம்.