சிஓடியா, யுபிஐயா? காசு எந்த வழியில் திரும்பி வருகிறது என்பதுதான் கேள்வி

போன தீபாவளியோடு கேஷ் ஆன் டெலிவரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன். அதற்கு முன் ஏழெட்டு வருஷம், ஐம்பது ரூபாய் ஸ்க்ரப்பர் வாங்கினாலும் சிஓடி பட்டன் எங்கே என்று தேடித்தான் அழுத்துவேன். பொருள் கைக்கு வருவதற்குள் காசை ஏன் விட வேண்டும் என்ற நியாயம்தான். இப்போது ஆர்டர் போடும்போதே யுபிஐயில் கட்டிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். சிஓடிக்குச் சில்லறை வேண்டும், பகலில் வீட்டில் ஆள் வேண்டும், சில தளங்களில் அதற்கென்று தனிக் கட்டணமும் அழ வேண்டும். யுபிஐக்கு நெட் வேண்டும், பேங்க் சர்வர் படுக்காமல் இருக்க வேண்டும். இதற்காக மட்டும் யாரும் மாற வேண்டியதில்லை, நானும் மாறவில்லை.

என்னை மாற்றியது ஒரு மிக்சி ஜார். விலை 1,150 ரூபாய். இரண்டு ஐநூறு, ஒரு நூறு, ஒரு ஐம்பது என்று எண்ணிக் கொடுத்த பிறகுதான் டெலிவரி தம்பி பெட்டியைக் கையில் தந்தார். பிரித்துப் பார்த்தால் ஜாரின் அடியில் கப்ளர் உடைந்து கிடக்கிறது. "பொருளைப் பார்த்துக் காசு" என்று இத்தனை நாள் நான் நினைத்தது, உண்மையில் "பெட்டியைப் பார்த்துக் காசு" என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ரிட்டர்ன் எடுக்க மறுநாளே ஆள் வந்துவிட்டார். பணம்தான் வரவில்லை. நோட்டாகக் கொடுத்த காசு நோட்டாகத் திரும்பாதே! அக்கவுண்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி (பேங்க் கிளையின் குறியீடு) எல்லாம் ஆப் கேட்டது. நான் ஐஎஃப்எஸ்சியில் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 'ஓ' எழுத்தை அடித்துத் தொலைத்தேன். அதில் ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம்தான் என்பதை, ரீஃபண்ட் இரண்டு முறை தோற்ற பிறகு தெரிந்துகொண்டேன். நடுவில் கஸ்டமர் கேரில் ஒருவர், "வேலட்டில் போட்டுவிடவா மேடம்? உடனே வந்துவிடும்" என்றார். அதாவது என் பணத்தை அவர்கள் கடையிலேயே செலவழிக்க வேண்டும். மாட்டேன் என்று நின்றதில் 19 நாள் ஓடியது. நான் காசு கொடுத்ததற்கு என் கையில் எந்தத் தடயமும் இல்லை. அவர்கள் சிஸ்டத்தில் இருக்கும் "பெறப்பட்டது" என்ற ஒரு வரிதான் சாட்சி.

யுபிஐயில் இந்தச் சுற்று இல்லை. எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்கு ரீஃபண்ட் வருகிறது, நான் எதையும் டைப் செய்ய வேண்டாம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 12 இலக்க எண் ஒன்று இருக்கிறது. "வரும் மேடம், வரும்" என்று இழுப்பவர்களிடம் அந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், குரலே மாறும்.

அதற்காக யுபிஐ தங்கம் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை கணக்கில் பணம் கழிந்துவிட்டது, ஆர்டர் விழவில்லை. வயிறு கலங்கியது. ஆனால் இதற்கு ரிசர்வ் வங்கி 2019-லேயே கெடு வைத்திருக்கிறது: கடைக்குப் போகாமல் நின்ற யுபிஐ பணம், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. எனக்கு மூன்றாம் நாளே வந்துவிட்டது. (நூறு ரூபாய் போச்சே என்று ஒரு சின்ன ஏமாற்றம்.)

மோசடிக்காரர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். யுபிஐ பக்கம், "ரீஃபண்ட் தருகிறேன், பின் நம்பர் போடுங்கள்" என்பார்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும். சிஓடி பக்கத்துத் திருட்டு இன்னும் எளிமையானது. நான் ஆபீசில் இருக்கும்போது என் பெயரில் ஒரு பார்சல் வந்தது, அம்மா 699 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் சீப்பு செட். நான் ஆர்டரே போடவில்லை. "நீ எப்பவும் இப்படித்தானே வாங்குவ?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. இப்போது வீட்டில் ஒரே சட்டம்: வாசலில் யாருக்கும் காசு கிடையாது.

இந்தப் போட்டியில் அரசியலும் உண்டு. யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானபோது எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று பிரதமர் டிவியில் அறிவித்த பிறகுதான் எல்லோரும் போனைத் திரும்பிப் பார்த்தோம். அது சரியா தப்பா என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவும் பெரிய மாமாவும் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள், இருவரும் மொய் அனுப்புவது என்னவோ யுபிஐயில்தான். கடைக்காரரிடம் யுபிஐக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் 2020 ஜனவரியில் அரசு எடுத்த முடிவே. அது மாறினால் என் கணக்கும் மாறலாம்.

கிரெடிட் கார்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் வைத்துக்கொண்டதில்லை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மாதிரி பெரிய சாமானும் ஆன்லைனில் வாங்கியதில்லை. சிஓடி போட்டுவிட்டு வாசலில் க்யூஆர் ஸ்கேன் செய்வதை ஒரே ஒரு தடவை செய்தேன். அந்தப் பொருள் நன்றாக இருந்ததால் ரீஃபண்ட் எப்படி வரும் என்று பார்க்க வாய்ப்பு வரவில்லை.

தங்கைதான் மசியவில்லை. இன்ஸ்டா விளம்பரத்தில் புடவை பார்த்து, பெயர் தெரியாத கடைகளில் வாங்குகிறவள். "காசை முன்னாடி கட்டினா அவன் எதையுமே அனுப்ப மாட்டான். சிஓடின்னா ஏதோ ஒரு துணியாவது வரும்ல அக்கா" என்கிறாள். போன வாரம் மெரூன் கேட்டு பச்சை வந்திருக்கிறது. ரிட்டர்னுக்கு இப்போது ஐஎஃப்எஸ்சி கேட்கிறார்களாம்.