தூக்கிப் போட்ட சாமான்களை வைத்துப் பத்து வருடப் புழக்கம்: எது உழைத்தது, எது உழைக்கவில்லை

பத்து வருடத்துக்கு மேலாகவே வீட்டுக்குத் தேவையான சாமான்களில் பெரும்பகுதியை, பிறர் வேண்டாம் என்று வெளியே வைத்துவிட்டுப் போனதிலிருந்துதான் எடுத்துப் புழங்குகிறேன். மேசை, நாற்காலி, புத்தக அலமாரி, மேசை விளக்கு, மின்விசிறி, மானிட்டர், லேப்டாப், சைக்கிள், வார்ப்பிரும்புச் சட்டி என்று பட்டியல் நீளும். எடுத்து வந்த அன்று எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், துடைத்து வைத்துப் படம் எடுத்தால் புதுசு மாதிரியே தெரியும். நாலைந்து வருடம் தினமும் கையாண்ட பிறகு அது எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இத்தனை நாள் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சாமான் முழுசாகக் கெட்டுப்போய் வெளியே வருவது குறைவு. ஏதோ ஒரு சின்னப் பாகம் போயிருக்கும், அல்லது எதுவுமே போகாமல் வீடு மாறுகிறவர்கள் வண்டியில் இடமில்லாமல் விட்டுப் போயிருப்பார்கள். அதனால் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய நான் கேட்டுக்கொள்வது இரண்டே கேள்விதான். போனது எந்தப் பாகம்? அந்தப் பாகத்தைக் கழற்ற முடியுமா? திருகாணி போட்டு முடுக்கியிருந்தால் பெரும்பாலும் எடுக்கிறேன். பசை போட்டு ஒட்டியோ பிளாஸ்டிக்கை உருக்கி மூடியோ இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுகிறேன். என் வீட்டில் நீடித்து உழைக்கிற எதை எடுத்துப் பார்த்தாலும் பின்பக்கம் திருகாணி தெரியும்.

மரச்சாமானிலிருந்து தொடங்கலாம், இதில்தான் அதிகம் கிடைக்கும், அதிகம் ஏமாறவும் வாய்ப்புண்டு. மேலே பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இரண்டு அலமாரியில் ஒன்று கெட்டி மரமாக இருக்கும், இன்னொன்று மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டாக இருக்கும். மேற்பரப்பைப் பார்த்தால் தெரியாது, பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும்தான் பார்க்க வேண்டும். மேலே ஓடுகிற ரேகை விளிம்பில் வளைந்து அப்படியே குறுக்குவெட்டாகத் தொடர்ந்தால் அது மரம். விளிம்பில் தனியாக ஒரு பட்டை ஒட்டியிருந்தால், அல்லது அடியில் தூள்தூளாகத் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள், முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் இடத்தில் பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். பார்ட்டிகிள் போர்டில் இரண்டு பிரச்சினை. ஒரு தரம் ஈரம் பட்டு ஓரம் உப்பினால் திரும்பப் பழைய நிலைக்கு வராது. அப்புறம், ஒருமுறை கழற்றி மாட்டினால் திருகாணி பிடித்த துளை பொடிந்துபோய் இரண்டாம் முறை முடுக்கம் நிற்காது. நான் எடுத்த பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளில் புத்தகம் வைத்தவை எல்லாம் நடுவில் தொய்ந்துவிட்டன, துணி வைத்தது மட்டும் தாங்குகிறது. கெட்டி மரத்தில் செய்த எதுவும் இதுவரை போகவில்லை.

ஆடுகிற நாற்காலியை யாராவது வெளியே வைத்திருந்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். முக்கால்வாசி நாற்காலியில் கால் உடைந்திருக்காது, பசை மட்டும்தான் விட்டிருக்கும். ஆனால் அவசரப்பட்டுப் பழைய பசை மேலேயே புதுப் பசையை விட்டால் பிடிக்காது, மரப்பசை மரத்தோடுதான் ஒட்டும், காய்ந்த பசையோடு ஒட்டாது. இணைப்பை முழுதாகப் பிரித்து, பழையதைச் சுரண்டி, மரம் தெரிகிற அளவுக்கு உப்புத்தாள் போட்டு, பிறகு பசை தடவி ஒரு நாள் முழுக்க இறுக்கிக் கட்டி வைக்க வேண்டும். ரொம்பப் பழைய நாற்காலி என்றால் அதில் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை இருக்க வாய்ப்புண்டு, அது வெந்நீர்த் துணி வைத்தாலே இளகிவிடும், பிரிப்பது இன்னும் சுலபம். இப்படிச் செய்த நாற்காலிகள் தினமும் ஆள் உட்கார்ந்து எழுந்தும் வருடக்கணக்காக அசையாமல் இருக்கின்றன.

தட்டுப் பலகைகள், அதாவது சரக்கு ஏற்றுகிற பேலட், எங்கே பார்த்தாலும் கிடக்கும். அதை எடுப்பதற்கு முன் பக்கத்தில் சுட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப் பெட்டி, பேலட்டுகளில் பூச்சி பரவாமல் இருக்க ஐஎஸ்பிஎம் 15 என்று ஒரு சர்வதேச விதி இருக்கிறது, அதன்படி கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்னமும் பக்கத்தில் எழுத்துகளும் இருக்கும். ஹெச்.டி. என்றால் மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது, வீட்டு வேலைக்கு எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்தது, அதை நான் தொடுவதில்லை. எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தால் எந்த முத்திரை இருந்தாலும் வேண்டாம். என் செடித் தொட்டி அடுக்கு ஹெச்.டி. பலகையில் செய்ததுதான், மழையில் நனைந்து நிறம் கறுத்துவிட்டது, ஆனால் வலு குறையவில்லை.

மின்சாதனங்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நஷ்டம் உலக அளவில் நடக்கிறது. ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி 2022இல் மட்டும் உலகம் முழுக்க 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது, அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம்தான். அந்த மீதிக்குள் நல்ல நிலையில் இருந்த சாமான் எவ்வளவு இருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை. எனக்குக் கிடைத்த மானிட்டர்களில் ஒன்று 'ஆன் ஆகவில்லை' என்று சீட்டு ஒட்டி வைத்தது. பவர் போர்டில் மேல்பக்கம் உப்பிய கெப்பாசிட்டர்களை, அதாவது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சின்னப் பாகங்களைக் கழற்றி, அதே மைக்ரோஃபாரட் (கொள்ளளவு), அதே அல்லது கொஞ்சம் கூடுதல் வோல்ட் உள்ளதை சால்டரிங் வைத்து, அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டி மாட்டியதும் ஆன் ஆனது, இன்றும் அதில்தான் வேலை செய்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், அதை முறையாக வடிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் உள்ளே கை வைக்கவும்.

அடாப்டர் இல்லாததாலேயே தூக்கிப் போட்ட சாமான்கள் ஏராளம். அதனால் நான் அடாப்டர் ஒன்று கண்ணில் பட்டாலும் எடுத்து வைத்துவிடுவேன். பொருத்தும்போது பார்க்க வேண்டியது வோல்ட் அதேதானா, ஆம்பியர் சாதனத்துக்குத் தேவையான அளவோ அதற்கு மேலோ இருக்கிறதா, முனையில் கூட்டல் (+) உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைத்தான். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, வோல்ட் மாறினால் சாதனம் போய்விடும். மின்விசிறியில் பெரும்பாலும் அச்சில் எண்ணெய் வறண்டிருக்கும், தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டால் சுற்றும், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை திரும்ப விட வேண்டியிருக்கிறது.

லேப்டாப்புக்கு இது நல்ல காலம் என்று சொல்லலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, புது பிராசஸர் எல்லாம் இல்லாத கணினிகள், வன்பொருளில் ஒரு குறையும் இல்லாமல் வெளியே வருகின்றன. என்னிடம் இருப்பது அப்படி வந்ததற்கும் முந்தையது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போட்டு, ராம் (நினைவகம்) கூட்டி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். எழுத, படிக்க, வீடியோ பார்க்க, கணக்குப் போட எதற்கும் குறைவில்லை. பேட்டரி மட்டும் ஒருமுறை மாற்ற வேண்டி வந்தது. பழைய டிஸ்க்கில் முன்பு வைத்திருந்தவரின் படங்களும் கடிதங்களும் அப்படியே இருக்கும், அதைத் திறந்து பார்க்காமல் முழுதாக அழித்துவிடுங்கள், அது அவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை. உப்பிய லித்தியம் பேட்டரி இருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

சைக்கிளில் டயர், டியூப், பிரேக் வயர், செயின் எல்லாமே மாற்றக்கூடியவைதான், அவை எந்த நிலையில் இருந்தாலும் பயப்பட வேண்டாம். ஃபிரேமை மட்டும் பாருங்கள், குறிப்பாகப் பெடல் அச்சுக்குப் பக்கத்திலும் ஹேண்டிலுக்குக் கீழேயும் பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று. சீட் கம்பி துருப்பிடித்து ஃபிரேமோடு இறுகிப் போயிருந்தால் அதிலேயே நாள் முழுக்கப் போய்விடும். குரோம் மேல் உள்ள லேசான துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்.

வார்ப்பிரும்புச் சட்டிதான் நான் எடுத்தவற்றிலேயே அதிகம் கொண்டாடுகிற சாமான். முழுக்க துரு ஏறிக் கிடந்தது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து கொஞ்ச நேரம் ஊறவைத்து, அடிக்கடி எடுத்துப் பார்த்துத் தேய்த்தேன். அதிக நேரம் விட்டால் துரு போன பிறகு இரும்பையே அரிக்க ஆரம்பிக்கும். உடனே காயவைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவிச் சூட்டில் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்ததில் கருமையாக ஒரு படலம் வந்தது. ஒவ்வொரு வருடமும் அது முன்பைவிட நன்றாக ஆகிறது, புதிதாக வாங்கியது எதுவும் எனக்கு அப்படி ஆனதில்லை. ஆனால் அடியில் ஈயம் உருக்கிய அறிகுறி, சாம்பல் நிறத்தில் ஒட்டிய துளிகள் இருந்தால், சமையலுக்கு எடுக்கவே கூடாது. கீறல் விழுந்த நான்ஸ்டிக்கையும் நான் எடுப்பதில்லை.

எடுக்கவே கூடாதவை பற்றி நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மெத்தை, துணி போர்த்திய சோஃபா இரண்டும் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் வேண்டாம். மூட்டைப்பூச்சி ஒரு ஏடிஎம் அட்டையின் கனமே உள்ள இடுக்கில் ஒளியும், இரத்தம் கிடைக்காமலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தையலோரம் கறுப்புப் புள்ளிகளும் வெள்ளை முட்டையும் தெரிந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். துணிமணிகளை எடுத்தால் பையைத் திறக்காமலேயே நேராக வெந்நீரில் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். புத்தகம் போலச் சூடு தாங்காதவற்றை மைனஸ் 18 டிகிரியில் நாலு நாள் வைக்கலாம். ஹெல்மெட் வேண்டாம், உள்ளே இருக்கும் நுரை ஒரே ஒரு அடியைத் தாங்கத்தான், அந்த அடி ஏற்கெனவே விழுந்ததா என்று வெளியிலிருந்து தெரியாது. குழந்தைகளுக்கான கார் சீட்டும் அதே காரணத்தால்தான் வேண்டாம். பழைய பெயின்ட் அடித்த தொட்டிலில் ஈயம் இருக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்துப் பார்க்கிற ஆசையே வேண்டாம், அதன் கெப்பாசிட்டர் சில ஆயிரம் வோல்ட்டைச் சேமித்து வைத்திருக்கும், ஆள் போய்விடும்.

எடுக்கும் முறை பற்றியும் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. வெளியே வைத்தவர் பக்கத்தில் இருந்தால் கேட்டு எடுங்கள், பெரும்பாலானவர்கள் என்ன கோளாறு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள், பாதி வேலை மிச்சம். கட்டியிருக்கும் பையைக் கிழித்துக் கொட்டக் கூடாது. சில இடங்களில் வெளியே வைத்த பிறகு அது நகராட்சிக்குச் சொந்தம் என்று விதி இருக்கும், அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அட்டை, பாட்டில், செம்புக் கம்பி, இரும்புத் துண்டு இவற்றை நான் தொடுவதே இல்லை. அதைப் பொறுக்கி விற்றுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குப் பொழுதுபோக்காக இருப்பது அவர்களுக்கு அன்றைய வருமானம்.

தெருவில் தேடத்தான் வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவின் டூசான் நகரில் 2003இல் டெரோன் பீல் தொடங்கிய ஃப்ரீசைக்கிள் போல, வேண்டாதவரையும் வேண்டியவரையும் நேராக இணைக்கும் குழுக்கள் பல ஊர்களில் வந்துவிட்டன. ஆம்ஸ்டர்டாமில் 2009இல் மார்ட்டினே போஸ்ட்மா தொடங்கிய ரிப்பேர் கஃபே மாதிரியான இடங்களில் பக்கத்தில் உட்கார்ந்து பழுது பார்க்கவே சொல்லித் தருவார்கள். சால்டரிங் பழக அப்படி ஓர் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

வீடு நிரம்பிவிடாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில், நிரம்பும், கட்டுப்பாடு இல்லாவிட்டால் கண்டிப்பாக நிரம்பும். எங்கே வைப்பேன், எதற்கு என்று அங்கேயே பதில் சொல்ல முடியாததை எடுப்பதில்லை. பழுது பார்க்காமல் கிடப்பது ஒன்று இருக்கும்போது இன்னொன்றைக் கொண்டுவருவதில்லை. 'எப்பவாவது உதவும்' என்று எடுத்தது பெரும்பாலும் உதவாது, அடாப்டரும் திருகாணியும் மட்டும் விதிவிலக்கு.

கடைசியாக வெளியே வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை செய்கிறதா இல்லையா, எது போனது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஒயரை வெட்டாதீர்கள், அடாப்டரைச் சாதனத்தோடே சேர்த்துக் கட்டுங்கள். கட்டிலையோ மேசையையோ பிரித்திருந்தால் திருகாணிகளை ஒரு கவரில் போட்டு காலோடு ஒட்டிவிடுங்கள். மழை வரும் போலிருந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி வையுங்கள், ஒரே ராத்திரி மழையில் நல்ல மேசை வீணாய்ப் போவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.