ரோஜா நிறமாகிப்போன சிவப்பு மாருதிக்கு ஒரு டின் மெழுகு

பொருள்: மெகுவயர்ஸ் கிளீனர் வாக்ஸ், பேஸ்ட் வகை, 311 கிராம் டின். போட்ட வண்டி: 1998 மாடல் மாருதி 800. போட்ட ஆள் நான். தூத்துக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வண்டியைத் துடைப்பதைத் தாண்டி அதுவரை எதுவும் செய்ததில்லை. மெஷின் கிடையாது, கைதான். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் எந்த வண்டிக்கு, எதை எதிர்பார்த்து என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எங்கள் வண்டி சிவப்பு என்பது ஆர்.சி. புக்கில்தான் இருந்தது. கூரையும் பானட்டும் வெளுத்து ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டன. உள்ளங்கையால் தேய்த்தால் தூள் ஒட்டும். உப்பளக் காற்று, போர்ட்டிகோ இல்லாத வீடு, கழுவப் போர் தண்ணீர், வேறென்ன ஆகும்? ஆர்.சி. புதுப்பிக்கும் நேரம் நெருங்கியதால் ஒரு பெயிண்டரிடம் காட்டினேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதெல்லாம் பாலிஷுக்கு நிக்காதுக்கா. ஃபுல் பெயிண்ட் அடிச்சிருங்க, புதுசு மாதிரி ஆயிரும்" என்றார். அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய 800-ஐயே வாங்கிவிடலாம். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வந்துவிட்டேன்.

அவர் சொன்னது முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் பழைய பெயிண்டில் இரண்டு வகை உண்டு, அது தெரியாமல் பணம் செலவழிக்கக் கூடாது. இப்போது வரும் கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கும். மங்குவதும் கீறல் விழுவதும் பெரும்பாலும் அதில்தான். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. நிறமே வெயிலைப் பார்த்து நிற்கும். புற ஊதாக் கதிரும் காற்றும் சேர்ந்து அதன் மேல்பரப்பைச் சாகடிக்கும். சிவப்புதான் இதில் சீக்கிரம் போகிற நிறம். நல்ல செய்தி என்னவென்றால், செத்தது மேலே மெல்லிய ஓர் அடுக்கு மட்டும்தான். அதை எடுத்துவிட்டால் அடியில் பழைய சிவப்பு இருக்கும்.

உங்கள் வண்டி எந்த வகை என்று பார்க்க, வெள்ளைத் துணியில் இந்த மெழுகைத் துளி தொட்டு, டிக்கிக் கதவின் ஓரத்தில் கண்ணில் படாத இடமாகப் பார்த்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் வந்தால் கிளியர் கோட் இல்லை. வராவிட்டால் இருக்கிறது. கிளியர் கோட் இருந்து, அது தோல் உரிவதுபோல் உரிந்து கொண்டிருந்தால் இந்த டின்னோ வேறு எந்த டின்னோ ஒன்றும் செய்யாது. அதற்குப் பெயிண்டர்தான்.

கிளீனர் வாக்ஸ் என்பது இரண்டு வேலையை ஒரே டின்னில் அடைத்த பொருள். லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்கிற சரக்கும் மெழுகும் கலந்திருக்கும். முறையாகச் செய்பவர்கள் முதலில் பாலிஷ், பிறகு மெழுகு என்று தனித்தனியாகப் போடுவார்கள். பழக்கமில்லாத கைக்கு இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நல்லது என்பது என் கருத்து. பெயிண்ட் கடைகளில் கிடைக்கிற ரப்பிங் காம்பவுண்ட் கொரகொரப்பு அதிகம். அவசரப்பட்டு அழுத்தினால், வளைவுகளிலும் ஓரங்களிலும், பெயிண்ட் மெலிதாக இருக்கும் இடங்களில், அதற்கு அடியில் பூசியிருக்கும் பிரைமர் தெரிந்துவிடும். இது அந்த அளவுக்குப் போகாது. கையால் எவ்வளவு தேய்த்தாலும் மெதுவாகத்தான் வேலை செய்யும், அந்த மெதுவே பாதுகாப்பு.

வேலையில் பாதி, டின்னைத் திறப்பதற்கு முன்பே இருக்கிறது. கார் ஷாம்பூ, இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும், சக்கரம் கடைசி. எங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். உடனே துடைத்துவிடுங்கள். ஏற்கெனவே விழுந்த திட்டுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து ஒற்றி, உடனே கழுவினால் புதுத் திட்டுகள் போய்விடும். பழையவை கொஞ்சம் மிஞ்சும்.

துடைத்த பிறகு கையை ஒரு மெல்லிய பாலிதீன் கவருக்குள் விட்டு பானட்டின் மேல் தடவிப் பாருங்கள். சுத்தமாகிவிட்டது என்று நினைத்த இடமெல்லாம் நறநறவென்று சொல்லும். எங்களுடையது அனல்மின் நிலையமும் துறைமுக நிலக்கரியும் இருக்கிற ஊர், கேட்கவே வேண்டாம். இந்த நறநறப்பு ஷாம்பூவுக்குப் போகாது. களிமண் போன்ற கிளே பார் என்று ஒன்று விற்கிறார்கள், அதை ஷாம்பூத் தண்ணீர் தெளித்து வழுவழுப்பாக்கிக் கொண்டு லேசாக இழுத்தால் அத்தனையும் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கீழே விழுந்த கிளே துண்டைத் தூர எறிய வேண்டும், மண்ணோடு தேய்த்தால் கோடு விழும். துணிக்கும் இதே விதிதான். துணி என்றதும் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கிற திருப்பூர் பனியன் வேஸ்ட் போதுமே என்று தோன்றும். அதில் தையலும் லேபிளும் கலந்து வரும், வேண்டாம். மைக்ரோஃபைபர் துணி நாலைந்து வாங்கி, ஓர லேபிளை வெட்டிவிடுங்கள்.

கறுப்பு பம்பர், கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங் இவற்றில் மெழுகு பட்டால் வெள்ளையாகக் காய்ந்து போகவே போகாது. மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குவது உத்தமம்.

இனி மெழுகு. வெயில் ஏறுவதற்குள், நிழலில், தகரம் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் போட வேண்டும். ஈரமான ஃபோம் பேடில் மோர் சாதத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்கிற அளவு போதும். டின் பெரிதாக இருக்கிறதே என்று அள்ளக்கூடாது. அள்ளினால் காய நேரமாகும், துடைக்கவும் உயிர் போகும். கூரையை நான்கு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனேன். 800-இன் மொத்த நீளமே 3,335 மில்லிமீட்டர்தான், ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற எனக்குக் கூரையின் நடுவரை கை எட்டியது. முதன்முதலில் பழகுவதற்கு இதைவிடத் தோதான வண்டி அமையாது. எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள் ஸ்டூலோடு வாருங்கள்.

தேய்க்கத் தேய்க்க பேட் சிவப்பாகிக்கொண்டே வரும். மெழுகு வெளிர் மஞ்சள், பேடின் விளிம்பில் அது குங்குமமாகிவிடுகிறது. பெயிண்டே கரைந்து போகிறதோ என்று வயிற்றைக் கலக்கும். போவது பெரும்பாலும் செத்த அடுக்குதான். பேட் அடைத்துக்கொண்டால் வேறொன்று எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் மெழுகு மூட்டம் போட்ட மாதிரி காயும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், இழுவினால் காத்திருங்கள். ஒரு துணியால் எடுத்துவிட்டு, இன்னொரு காய்ந்த துணியால் மெருகேற்ற வேண்டும். கதவுக் கைப்பிடி இடுக்கு, பின்னால் இருக்கிற எழுத்துகள் எல்லாவற்றிலும் வெள்ளை தங்கும், அதற்குப் பழைய பல்துலக்கும் பிரஷ்.

பலன் எப்படி? கதவுகள் நன்றாக மீண்டன. கூரை முதல் சுற்றில் பாதிதான் வந்தது, இன்னொரு சுற்று போட்டதும் சிவப்பு என்று தைரியமாகச் சொல்லலாம். பானட்டில் இரண்டு இடம் வெளுப்பாகவே நிற்கிறது. எதிர்பாராத ஒன்றும் நடந்தது. இடது முன் ஃபெண்டரை எப்போதோ டிங்கரிங் பார்த்து வேறு சிவப்பு அடித்திருக்கிறார்கள். வண்டி முழுக்க மங்கலாக இருந்தவரை அது தெரியவில்லை, மற்றதெல்லாம் பளிச்சென்று ஆனதும் அது மட்டும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. என் கணவருக்கு அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறதாம். நான் கண்டுகொள்வதில்லை.

சக்கர வளைவில் துரு உப்பி வந்த இடங்களுக்கு மெழுகால் ஒன்றும் ஆகாது. நகம் மாட்டுகிற ஆழக் கீறலும் அப்படியே இருக்கும். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு நிற்கிற அழகு சில வாரங்களில் குறையத் தொடங்கும். நாள் முழுக்க வெயிலில் நிற்கிற வண்டிக்கு அதற்கு மேல் கேட்க முடியாது. ஆனால் காக்கை எச்சத்தை ஈரத்துணியால் ஒற்றினாலே போய்விடுகிறது, எனக்கு அதுவே பெரிய லாபம். முன்பு ஒரு வாட்டர் வாஷ் கடையில் 'பாலிஷ்' என்று காசு வாங்கிக்கொண்டு ஏதோ வெள்ளைத் திரவத்தைத் தடவிக் கொடுத்தார்கள், அடுத்த கழுவலில் எல்லாம் போயிற்று. டீசல் போட்டுத் துடைக்கிற டிரைவர் அண்ணன்மாரின் வழியும் அதே கதை, கூடவே தூசியை வேறு இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

இதை மாதாமாதம் போடாதீர்கள். கிளியர் கோட் இல்லாத வண்டியில் ஒவ்வொரு முறையும் பெயிண்ட் கொஞ்சம் போகும். நிறம் மீண்டதும் சுத்தம் செய்கிற சரக்கு கலக்காத வெறும் மெழுகுக்கு மாறிவிடுங்கள். நான் கார்னௌபா பேஸ்ட் ஒன்றுக்கு மாறிவிட்டேன். வடகிழக்கு பிரேசிலில் வளர்கிற ஒரு பனையின் இலையிலிருந்து எடுப்பது அது. உருகுநிலை 80 டிகிரி செல்சியசுக்கு மேல் இருப்பதால் வெயிலுக்கு இளகி ஓடாது. என் கடையில் விற்கிற பூச்சு மாத்திரைகள் சிலவற்றின் பளபளப்புக்கும் இதே மெழுகுதான், அட்டையில் சேர்மானங்களைப் படித்தால் பெயர் இருக்கும். வண்டிக்கு வாங்கியதை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், அதில் கரைப்பான் இருக்கிறது.

சீக்கிரம் முழுப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இதை வாங்காதீர்கள். இந்த வகை மெழுகுகளில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். அது மிச்சம் இருந்தால் புதுப் பெயிண்டில் மீன் கண் மாதிரி குழி குழியாக விழும். ஏற்கெனவே போட்டிருந்தால் பெயிண்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் அதற்கென்று இருக்கிற கிளீனரால் துடைத்துவிட்டுத் தொடங்குவார். பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ் வண்டிக்கும் இது கூடாது, திட்டுத் திட்டாக மினுங்கும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன். டின்னை டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் பேஸ்ட் இளகிவிடும், அப்புறம் பேடில் தொட்டாலே தேவைக்கு மேல் வரும். மூடியை இறுக்கி வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வைத்தால், 800 அளவு வண்டிக்கு ஒரு டின் வருஷக்கணக்கில் வரும்.