எலும்புச் சாரம் வடிவமைக்க: கேட் கம்பிக்கூடா, கைராய்டு சமன்பாடா?

எலும்பு செல்கள் பற்றிக்கொண்டு வளர உதவும் நுண்துளைத் தாங்கியான சாரம் (scaffold) ஒன்றைக் கணினியில் உருவாக்கப் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்கிறோம். சாலிட்வொர்க்ஸ், ஃப்ரீகேட் மாதிரியான கேட் (CAD, கணினி வரைவு) மென்பொருளில் சின்னக் கம்பிக்கூடு ஒன்றை வரைந்து மூன்று திசையிலும் அடுக்குவது முதல் வழி. எதையும் வரையாமல், சமன்பாட்டிலிருந்தே வடிவத்தை எடுப்பது இரண்டாவது. அதில் அதிகம் புழங்குவது கைராய்டு, மூன்று திசையிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு வளைபரப்பு. நான் இரண்டாவதுக்கு மாறிவிட்டேன், எலும்பு வேலைக்கு இனி அதுதான்.

கேட் பழகியவர்கள் அதிகம், உதவி கேட்க ஆள் கிடைக்கும். சமன்பாட்டு வழிக்குக் கொஞ்சம் பைத்தான் தெரிய வேண்டும், இல்லையென்றால் என்டாப் போன்ற மென்பொருள் வேண்டும். இதெல்லாம் சில வாரங்களில் சரியாகிவிடும் வித்தியாசம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது திருத்தம்.

சாரத்தின் வடிவம் முதல் முறையிலேயே முடிவாவதில்லை. செல் வளர்ப்பவர் துளையைப் பெரிதாக்கச் சொல்வார். 100 மைக்ரான் துளை குறைந்தபட்சம் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. இரத்த நாளங்களும் உள்ளே வளர வேண்டுமென்றால் 300-க்கு மேல் நல்லது என்பது இப்போது பரவலான கருத்து. அச்சிடுபவரோ சுவர் மெலிசாக இருக்கிறது, நிற்காது என்பார். ஒவ்வொரு முறையும் கோப்பு திரும்பி வரும்.

கனசதுரக் கம்பிக்கூட்டில் இது எப்படி முடியும் என்று பாருங்கள். ஒரு கூட்டின் நீளம் 1 மி.மீ., சதுரக் கம்பியின் தடிமன் 0.4 மி.மீ. என்றால் துளை 0.6 மி.மீ., காலியிடம் சுமார் 65%. கம்பியை 0.5 ஆக்கினால் துளையும் 0.5 ஆகிறது, காலியிடம் 50 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஒன்றைத் தொட்டால் இரண்டும் நகரும். காலியிடத்தை அப்படியே வைத்துத் துளையை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் கூட்டின் நீளத்தையும் தடிமனையும் சேர்த்து மாற்றி, அடுக்கின் எண்ணிக்கையைத் திருத்தி, ஆயிரம் கூடுகளையும் மறுபடி ஒட்டவைக்க வேண்டும். கம்பிகள் சந்திக்கும் முனைகளில் ஒட்டும் கணக்கு பிசகுவது அப்போதுதான். ஒரு இடத்தில் மட்டும் துளை சிறுத்து, போகப்போகப் பெருக வேண்டுமென்றால் வேலை இன்னும் கடினம்.

கைராய்டில் மொத்த வடிவமும் ஒரு வரி: சைன் x கோஸ் y + சைன் y கோஸ் z + சைன் z கோஸ் x = t. இதில் x, y, z என்பவை கூட்டின் நீளத்தை வைத்து அளந்த இடம்; பரப்பின் ஒரு பக்கம் திண்மம், மறுபக்கம் துளை. கூட்டின் நீளத்தை மாற்றினால் துளையின் அளவு மாறும், காலியிட விகிதம் அசையாது. t-யை மாற்றினால் காலியிடம் மாறும். t சுழியம் என்றால் சரிபாதி. t-க்கு ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, இடத்துக்கு இடம் மாறும் ஒரு சார்பைக் கொடுத்தால் வெளியோரம் அடர்த்தியாகவும் நடுவில் பஞ்சு போலவும் வந்துவிடும், இயற்கை எலும்பைப் போலவே. நாசாவில் இருந்த ஆலன் ஷோன் 1970-ல் விவரித்த பரப்புக்கு t சுழியமாகும்போது இந்தச் சமன்பாடு நெருங்கிய தோராயம். அந்தப் பரப்பின் சராசரி வளைவு எங்கும் சுழியம், அதாவது ஒரு திசையில் வளைவதை எதிர்த்திசை வளைவு சமன் செய்கிறது. பஞ்செலும்பின் வளைவும் சராசரியாகச் சுழியத்தை ஒட்டித்தான் இருக்கிறது. கூர்முனைகள் இல்லாததால் விசையும் ஓரிடத்தில் அவ்வளவாகக் குவியாது.

இதற்கு விலை உண்டு, அது கணினியின் நினைவகம்: சமன்பாட்டை நெருக்கமான புள்ளிகளில் கணக்கிட்டு வைக்க வேண்டும். 10 மி.மீ. கனசதுரத்தைப் பக்கத்துக்கு 300 புள்ளிகளாக எடுத்தால் 2.7 கோடி புள்ளிகள், இரட்டைத் துல்லியத்தில் (புள்ளிக்கு 8 பைட்) 216 எம்.பி. பக்கத்துக்கு 600 என்றால் எட்டு மடங்கு. பரப்பை முக்கோணங்களாகச் சேமித்து அச்சுக்கு அனுப்பும் பைனரி எஸ்.டி.எல். கோப்பில் முக்கோணம் ஒன்றுக்கு 50 பைட், பத்து லட்சம் முக்கோணம் 50 எம்.பி. அதனால் மிக மெல்லிய சுவருக்குக் குறுக்கே ஆறேழு புள்ளிகள் விழுகிற அளவோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். புள்ளிகளின் மதிப்பிலிருந்து முக்கோணப் பரப்பை எடுக்கும் மார்ச்சிங் கியூப்ஸ் நிரலை ஓட்டுவதற்கு முன், அந்தப் புள்ளிக் கட்டத்தைச் சுற்றி ஒரு அடுக்கு வெற்றிட மதிப்பைச் சேருங்கள், இல்லையென்றால் ஓரங்களில் பரப்பு திறந்தே கிடக்கும், அச்சு மென்பொருள் ஏற்காது. அப்புறம், வெளிவடிவத்துக்கு வெட்டியபின் தனியே மிதக்கும் துணுக்குகளைத் தேடி நீக்குங்கள். இணைந்த பகுதிகளுக்கு எண்ணிட்டு, பெரியதை மட்டும் வைத்தால் போதும். துளைப்பக்கத்துக்கும் இதே சோதனையைச் செய்தால், வெளியிலிருந்து ஊட்டச்சத்து போய்ச்சேராத அடைபட்ட அறை எதுவும் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கம்பிக்கூடு ஒரு விஷயத்தில் தெளிவாக முந்துகிறது. கம்பிகளை உத்தரங்களாக வைத்து விறைப்பைச் சீக்கிரம் கணக்கிடலாம். கைராய்டுக்கு முழுத் திண்ம மெஷ், அதாவது உள்ளே முழுவதையும் சிறு துண்டுகளாகப் பிரித்த மாதிரி வேண்டும். உலோகச் சாரத்துக்குப் பயன்படும் டைட்டானியக் கலவையின் விறைப்பு சுமார் 110 ஜிகாபாஸ்கல், அடர் எலும்புக்கு 20-ஐ ஒட்டித்தான். இந்த இடைவெளியைக் குறைக்கப் பல வடிவங்களை வேகமாகச் சலித்துப் பார்க்கும் கட்டத்தில் கம்பிக்கூடு நேரத்தை மிச்சப்படுத்தும்.

பாலிகாப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி இழை இழையாக அடுக்குபவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. இழைகளின் இடைவெளியும் அடுக்குக் கோணமும்தான் அங்கே வடிவம், அதை அச்சுப் பாதையிலேயே கொடுத்துவிடலாம். நான் வேலை செய்தது பெரும்பாலும் உலோகப் பொடிக்கும் ரெசினுக்கும். நீர் நிறைந்த மென்மையான ஹைட்ரோஜெல்லில் கைராய்டின் நுணுக்கம் எவ்வளவு தங்கும் என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே முதலில் ஒரு சின்ன மாதிரியை அச்சிட்டு நுண்ணோக்கியில் துளையை அளந்துவிட்டு முடிவெடுங்கள்.