ஜன்னல் ஏசி, சாதா ஸ்பிளிட், இன்வெர்ட்டர்: மலைநாட்டு ராத்திரிக்கு எது சத்தம் குறைவு?

அம்மா பிறந்ததிலிருந்து தேயிலைத் தோட்டத்துக் குளிரிலேயே இருந்தவர். எங்களோடு கண்டிக்கு வந்த முதல் மார்ச் மாதமே, "உடம்பு வேகுதுப்பா" என்றார். கண்டி ஏறக்குறைய 500 மீட்டர் உயரம்தான். நாலு பக்கமும் மலை. மார்ச், ஏப்ரலில் காற்று அசையாத ராத்திரிகள் வரும். அதற்காக ஏசி பூட்டினோம். நாலே நாளில், "இந்தச் சத்தத்துக்கு வேர்வையே பரவாயில்ல" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மூன்று வகை ஏசியையும் ராத்திரியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

முதலில் வாங்கியது பழைய ஜன்னல் ஏசி. விலை குறைவு, பூட்டுவதும் சுலபம். ஆனால் கம்ப்ரசர், மோட்டார், ஃபேன் எல்லாம் ஒரே பெட்டிக்குள், அதுவும் படுக்கும் அறையின் சுவரிலேயே இருக்கின்றன. 50 டெசிபலுக்கு மேல் சத்தம் வருவது இந்த வகைக்குச் சாதாரணம். படுக்கையறையில் விடாமல் கேட்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். அப்படியென்றால் 30க்கும் 50க்கும் உள்ள தூரத்தை நீங்களே கணக்குப் போடலாம். சக்கரம் வைத்து, குழாயை ஜன்னலுக்கு வெளியே விடும் போர்ட்டபிள் ஏசியும் இதே கதைதான். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதவர்களுக்கு மட்டும் அது சரி.

அடுத்தது சாதா ஸ்பிளிட். மாத்தளையில் அக்கா வீட்டில் இருக்கிறது. கம்ப்ரசர் வெளியே போய்விடுவதால் அறைக்குள் நல்ல அமைதி. முதல் ராத்திரி எனக்கும் பிடித்திருந்தது. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. வெளியே 'டக்' என்று ஒரு சத்தம், லைட் ஒரு கணம் மங்கியது, பிறகு 'உம்ம்' என்று இரைச்சல் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது, திரும்பவும் 'டக்'. விடியும் வரை இதேதான்.

இந்த வகைக் கம்ப்ரசருக்கு முழு வேகம் ஒன்று, நிற்பது ஒன்று, நடுவில் எதுவும் கிடையாது. கொழும்பில் ராத்திரியும் புழுக்கம் குறையாது, ஆகவே அங்கே அது நிற்காமல் ஓடும். நம் பக்கத்தில் நடுச்சாமத்துக்குப் பிறகு வெளியிலேயே குளிர்ந்துவிடும். அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நிற்கும், கொஞ்சம் சூடேறியதும் மறுபடி கிளம்பும். சின்ன அறைக்கு 9000 பிடியூ (ஏசியின் குளிரூட்டும் திறனைச் சொல்லும் அளவு) போதும் என்றிருக்க, 'பெரிசா இருந்தா நல்லது' என்று 12000 வாங்கினால் இது இன்னும் மோசமாகும். தகரத்தில் ராத்திரி முழுக்க மழை கொட்டினாலும் நாம் தூங்கிவிடுகிறோம். தூக்கத்தைக் கலைப்பது சத்தம் மாறுவதுதான். மலைநாட்டு வீட்டுக்கு ஏசி பார்ப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

அதனால்தான் என் ஓட்டு இன்வெர்ட்டருக்கு. அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓடுகிறது. ஃபேனைக் குறைவில் வைத்தால் உள் யூனிட் 20, 25 டெசிபல் அளவில் இருக்கும் என்று விளம்பரத்தாளில் போடுகிறார்கள். அது ஆகக் குறைந்த வேகத்தில், சோதனைக்கூடத்தில் அளந்த கணக்கு. போட்ட முதல் கால் மணி நேரம் இதுவும் நன்றாகவே இரையும். குளிரும்போது பிளாஸ்டிக் 'டிக் டிக்' என்று சுருங்கும், காஸ் ஓடும் சலசலப்பும் கேட்கும். இவையெல்லாம் பழுது இல்லை. கடையில் வெளி யூனிட்டின் டெசிபலையும் கேளுங்கள். பலர் அதைக் கேட்பதே இல்லை.

ஆனால் இன்வெர்ட்டர் வாங்கியும் எங்கள் வீட்டில் சத்தம் போகவில்லை. பூட்ட வந்த தம்பி, குழாய் நீளத்தை மிச்சம் பிடிக்க, வெளி யூனிட்டை அம்மா அறையின் பின்சுவரிலேயே இரும்புத் தாங்கியில் தொங்கவிட்டிருந்தார். பிளாக் கல் சுவர். அம்மாவின் தலைமாட்டுத் தட்டில் இருந்த தண்ணீர்க் கிளாஸை ஒரு ராத்திரி டோர்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. சுவரில் கை வைத்தேன், விரலுக்கு அதிர்வு தெரிந்தது. தப்பு மேளம் அடிக்கும்போது அதன் தோல் எப்படி அதிருமோ அப்படி, சுவர் முழுக்கவே அதிர்ந்து ஒலித்தது.

இன்னொரு தவறும் இருந்தது. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடு என்பதால் பின்னால் மண் சரியாமல் கட்டிய கருங்கல் சுவர் நிற்கிறது. அதற்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் இடம்தான். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். இரண்டு சுவருக்கு நடுவே அந்தக் கணக்கு எடுபடாது, சத்தம் திரும்பத் திரும்ப மோதி வரும். அதோடு, வெளியேறிய சூட்டுக் காற்றையே யூனிட் மறுபடி இழுத்து, கம்ப்ரசர் கூடுதலாக உழைத்தது.

யூனிட்டை முன்பக்கம் வைக்கலாம் என்றால், கீழ்ப்படியில் இருக்கும் வீட்டு ஜன்னலுக்கு நேரே ஊதும். அங்கே கைக்குழந்தை இருக்கிறது. கடைசியில் குசினிப் பக்க மூலையில் தரையில் கொங்கிரீட் போட்டு, காலுக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்து இறக்கினோம். செம்புக் குழாய் சுவரைத் தொடும் இடங்களில் ரப்பர் சுற்றினோம். நீளக் குழாய்க்குக் கூடுதல் காசு போனது, ஆனால் அடுத்த ராத்திரி கிளாஸ் தண்ணீர் அசையவில்லை.

அப்புறம், பராமரிப்பு. நம் பக்கத்து ஈரத்துக்கு உள் யூனிட்டின் உருளை ஃபேனில் பூஞ்சணமும் தூசியும் ஒட்டிக்கொண்டு எடை ஒருபக்கமாக ஏறும்; 'தட தட' என்று அடிக்கும். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். உருளையை வருஷத்துக்கு ஒருமுறை, வெயில் காலம் தொடங்கும் முன் கழுவிக்கொண்டால் போதும். சாதா ஸ்பிளிட்டில் 'ஜ்ர்ர்' என்று கேட்டால் வெளி யூனிட்டின் கான்டாக்டரில், அதாவது கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சில், எறும்பு புகுந்திருக்கலாம். மாலை 6.30 முதல் 10.30 வரை எல்லா வீட்டிலும் கரண்ட் இழுக்கும் நேரம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் குறைந்து வந்தால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் முனகும். அந்த முனகல் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அம்மா இப்போது 26இல் வைத்துவிட்டுப் படுக்கிறார். மழை இறங்கினால் அவரே எழுந்து ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிடுகிறார்.