1/72 நேட் விமான கிட்: சேகோனுக்காக வாங்கினது

போன மாசம் வாங்கின நேட் விமான பிளாஸ்டிக் கிட் பத்தி எழுதுறேன். நேட்னா நம்ம விமானப்படை ஓட்டின குட்டி போர் விமானம், 1/72ன்னா நிஜ அளவுல 72ல ஒரு பங்கு, பாகங்கள நாமளே ஒட்டி செய்யணும். பொண்ணு எட்டாவது படிக்கிறா, பரம்வீர் சக்ரா வாங்கின 21 பேர்ல விமானப்படைக்காரர் ஒரே ஒருத்தர்தான்னு எங்கயோ படிச்சுட்டு வந்து, அவர் என்னப்பா பண்ணாருன்னு கேட்டா. ஃப்ளையிங் ஆஃபிசர் நிர்மல் ஜித் சிங் சேகோன், லூதியானா பக்கத்து ஊர்க்காரர், 1971 போர்ல இறந்துட்டாரு, முப்பது வயசு கூட ஆகல, கல்யாணமாகி சில மாசந்தான்னு சொன்னேன். ஆனா அவர் ஓட்டின விமானம் எவ்ளோ சின்னதுன்னு வாயால சொல்லி புரிய வைக்க முடியல, அதுக்குத்தான் இந்த கிட்.

ஒட்டி முடிச்சா நீளம் 12 செ.மீ., றெக்கை முனைக்கு முனை 9 செ.மீ. சொச்சம், உள்ளங்கையில அடங்கிடும். அந்தப் போர்ல பாகிஸ்தான் ஓட்டின சேபர் போர் விமானம், ஏற்கனவே செஞ்சு வச்சிருந்தது ஒண்ணு ஷெல்ஃப்ல இருந்துச்சு, ரெண்டையும் பக்கத்துல வச்சதும் அவ கொஞ்ச நேரம் பேசவே இல்ல. சேபர் கிட்டத்தட்ட 16 செ.மீ. "இத வச்சுக்கிட்டா ஆறு சேபரோட மோதுனாரு?"ன்னு கேட்டா.

ஆமா, ஆறுதான். டிசம்பர் 14, ஸ்ரீநகர் ஏர்ஃபீல்டு. 18வது ஸ்குவாட்ரன் நேட் விமானங்கள் அங்க காவலுக்கு நின்னுச்சு, சேபருங்க வந்து குண்டு போட ஆரம்பிச்சிடுச்சு, ரன்வேல குண்டு விழுந்துட்டு இருக்கும்போதே இவர் கிளப்பிட்டு போயிட்டாரு, முன்னாடி கிளம்பின விமானமும் இவரும் பிரிஞ்சுட்டாங்க, அப்புறம் தனியாவே சண்ட. ஒண்ண அடிச்சு இன்னொன்ன தீப்பிடிக்க வச்சாருன்னு விருதுக் குறிப்புல இருக்கு. கடைசில இவர் விமானமும் மலையிடுக்குல விழுந்துடுச்சு. உடைஞ்ச பாகங்க கிடைச்சுது, உடம்பு கிடைக்கவே இல்ல. அத சொல்லும்போது எனக்கு குரல் அடைச்சிடுச்சு.

இப்ப கிட். உடம்பு ரெண்டு பாதியும் நல்லா பொருந்துது, இடுக்க அடைக்கிற புட்டிப் பசை கொஞ்சம்தான் தேவைப்பட்டுச்சு. மூக்குல வெயிட் போடணும், இல்லன்னா வால் தரையில உக்காந்துடும், நாங்க தூண்டிலுக்கு கட்டுற ஈயக்குண்டு மூணு போட்டோம். ரெண்டு 30 மி.மீ. பீரங்கி வாயும் காத்து இழுக்கிற ஓட்டைக்கு பக்கத்துலயே அழகா செதுக்கியிருக்காங்க. சக்கரக் கதவுங்கதான் ரொம்ப மெல்லிசு, ஒண்ணு வெட்டும்போதே உடைஞ்சுது. நிஜ நேட்ல இந்த சக்கரத்தையே பாதி இறக்கி ஏர் பிரேக்கா பயன்படுத்துவாங்க, அந்த அழகான விஷயத்த செய்முறை தாள்ல ஒரு வரி போட்டிருக்கலாம். சேகோன் பேரும் அதுல எங்கயும் இல்ல, எனக்கு பெரிய குறை அதுதான். இந்திய விமானப்படை வட்டச் சின்னம் டீக்கலா (தண்ணில ஊறவச்சு ஒட்டுற ஸ்டிக்கர்) இருக்கு, காவி சரியான காவியா இருக்கு, ஒட்டினா சுருங்காம படியுது.

ரெண்டாயிரத்துக்கு கொஞ்சம் கம்மி ஆச்சு, குடுக்கலாம். முதல் தடவ செய்யறவங்க கூட ஒரு பெரியவங்கள வச்சுக்குங்க.

கனோபிக்கு, அதாவது விமானி தலைக்கு மேல இருக்கிற கண்ணாடி மூடிக்கு மட்டும் பிளாஸ்டிக் பசை வேண்டாம், கண்ணாடி புகை படிஞ்ச மாதிரி ஆயிடும், ஃபெவிகால் போடுங்க. திறந்தும் வைக்கலாம், மூடியும் ஒட்டலாம். கடைசி நேரத்துல சேகோன் வெளிய குதிக்க பார்த்தாரு, கனோபி பறந்துச்சு, ஆனா உயரம் பத்தலன்னு சொல்வாங்க, அத அவகிட்டயும் சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, மூடிடலாம்ப்பான்னா. மூடி ஒட்டிட்டோம்.